ராஜபார்ட் வரும்வரை தாங்கும் ஹார்ட் டிஸ்க்

போன வருஷத் திருவிழா நாடகத்தின் ரெக்கார்டிங் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீளம் 4 மணி 8 நிமிடம் 33 விநாடி. அதில் பபூன் இருக்கிறார், டான்ஸ் இருக்கிறது, நாரதர் இருக்கிறார். கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் மட்டும் இல்லை.

எங்கள் ஊர் தாண்டிக்குடிப் பக்கம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவில். காளியம்மன் திருவிழாவின் கடைசி ராத்திரி நாடகம். பத்து, பத்தரைக்கு ஆரம்பித்தால் விடிந்து டீக்கடை திறக்கிற நேரத்துக்குத்தான் முடியும். நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும், முன் ராத்திரி முழுக்கப் பபூனுக்கும் டான்ஸுக்கும், அப்புறம் வள்ளிக்கும் நாரதருக்கும். ராஜபார்ட் மேடை ஏறுவதே இரண்டு மணிக்கு மேல். அவரும் கதாநாயகியான ஸ்திரீபார்ட்டும் மாறி மாறிப் பாடித் தர்க்கம் பண்ணுவதைக் கேட்கத்தான் பெரியவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தர்க்கம் மொத்தமும் போச்சு.

நடந்தது இதுதான். லேப்டாப்பில் இருப்பது 128 ஜி.பி. எஸ்.எஸ்.டி. அதில் மிச்சம் 9 ஜி.பி. அதை நம்ப மனசில்லாமல் 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றைச் செருகி, அதிலேயே நேரடியாகப் பதிவாகும்படி வைத்தேன். 10.20க்குச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு மைக் செட் அண்ணன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க ஸ்கிரீனை அணைத்து வைத்திருந்தேன். விடிந்து திறந்து பார்த்தால் 2.28க்கே நின்றிருக்கிறது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி, இதற்கு மேல் எழுத முடியவில்லை என்று. பென் டிரைவில் பாதிக்கும் மேல் இடம் காலியாகக் கிடந்தது.

அந்தப் பென் டிரைவ் ஃபேட் 32. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்க 1996ல் விண்டோஸ் 95 காலத்தில் வந்த முறை. அதில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தொட முடியாது. கணக்காகச் சொன்னால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 பைட்டோடு சரி. நான் பதிவு பண்ணியது விநாடிக்கு 48,000 சாம்பிள், அத்தனை தடவை ஒலியை அளப்பது, ஒவ்வொன்றும் 24 பிட், அதாவது 3 பைட், இரண்டு சேனல். பெருக்கினால் விநாடிக்கு 2,88,000 பைட். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 14,913 விநாடி. அதுதான் 4 மணி 8 நிமிடம் 33 விநாடி. கால்குலேட்டரில் அந்த எண் வந்தபோது, யார் வீட்டில் திருடினான் என்று தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. பொருள் திரும்பி வராது, அது வேறு விஷயம்.

இந்த வருஷம் அதற்கென்றே தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கித் தயார் பண்ணினேன். அதற்கு எடுத்துக்கொண்டது மூன்று வாரம். வேலை உண்மையில் ஒரு நாள்தான், மிச்சமெல்லாம் சோதனை.

முதலில் ஒரு பயத்தைக் கழித்துவிடலாம். ஒலிப்பதிவுக்கு ரொம்ப வேகமான டிஸ்க் வேண்டும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். விநாடிக்கு 2,88,000 பைட் என்றால் 0.3 எம்.பி.கூட இல்லை. மலிவான இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கும் விநாடிக்கு 100 எம்.பி. பக்கம் எழுதும். லாரியைக் கூப்பிட்டு ஒரு கூடை ஆரஞ்சு ஏற்றுகிற மாதிரிதான். பதினாறு சேனல் தனித்தனியாக எடுத்தாலும் 2.3 எம்.பி.தான் ஆகும், பழைய யூ.எஸ்.பி. 2.0 வாய்கூட அதைத் தாங்கும். நமக்கு வேண்டியது வேகம் இல்லை. ஏழு மணி நேரம் நடுவில் ஒரு தடவைகூடக் கண் அசராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் அனுபவத்தில் ஹார்ட் டிஸ்க்குக்கு அதுதான் கஷ்டம்.

திண்டுக்கல்லில் 1 டி.பி. டிஸ்க் ஒன்று வாங்கினேன். எஸ்.எஸ்.டி.யே நல்லது, சுற்றுகிற பாகம் கிடையாது, கீழே விழுந்தாலும் பிழைக்கும். ஆனால் அதே கொள்ளளவுக்குக் கடைக்காரர் சொன்ன விலை என் கைக்கு எட்டவில்லை. மணிக்கு 1 ஜி.பி.க்குக் கொஞ்சம் மேலே ஆகிறது என்றால் இந்த 1 டி.பி.யில் 960 மணி நேரம் பிடிக்கும். எங்கள் ஊர்த் திருவிழா வருஷத்துக்கு ஒருமுறை. என் காலத்துக்குப் போதும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து செருகினேன். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தார்.

"ஏன்டா, அட்டையில ஆயிரம்னு போட்டிருக்கு, இதுல 931ங்குது. கழிவு பிடிச்சுட்டானா?"

அவர் பட்டிவீரன்பட்டிக்குக் காப்பிக்கொட்டை போட்டே வாழ்ந்தவர். ஈரத்துக்கு இவ்வளவு, கறுப்புக் கொட்டைக்கு இவ்வளவு என்று மூட்டைக்குக் கழிவு பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு எதிலும் அதே சந்தேகம். இதில் கழிவு இல்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 1 டி.பி. என்கிறார், விண்டோஸ் 1024ஆல் மூன்று தடவை வகுத்து 931 என்கிறது. பைட் எண்ணிக்கை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். விளக்கிச் சொன்னேன். "அப்ப தராசுதான் வேற"ன்னு சொல்லிட்டுப் போய்விட்டார். எனக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வராது.

ஃபார்மட் பண்ணுவதற்கு முன்னால் டிஸ்க்கின் உடம்பு எப்படி என்று பார்த்துக்கொண்டேன். டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் தகவலைப் படித்துக் காட்டும் இலவச சாப்ட்வேர் உண்டு, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று. ஓடிய மணி நேரம் எவ்வளவு, கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர், அதாவது தகவல் எழுதும் சின்னக் கட்டம், எத்தனை, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர் எத்தனை, இந்த மூன்றை மட்டும் பார்த்தால் போதும். புது டிஸ்க்கில் பின்னிரண்டும் சுழியாக இருக்க வேண்டும். எனக்கு இருந்தது. ஒன்றிரண்டு காட்டியிருந்தால் அப்படியே பஸ் ஏறிக் கடைக்குத் திரும்பியிருப்பேன்.

இனி எந்த முறையில் ஃபார்மட் பண்ணுவது? ஃபேட் 32 பக்கம் திரும்பப் போவதில்லை. மிச்சம் இருப்பது என்.டி.எஃப்.எஸ்., எக்ஸ்ஃபேட் இரண்டும்.

எக்ஸ்ஃபேட் 2006ல் வந்தது. நாலு ஜி.பி. தடை கிடையாது, விண்டோஸ், மேக், இப்போதைய லினக்ஸ் எல்லாவற்றிலும் படிக்கலாம், எழுதலாம். எல்லாரும் அதையே போடச் சொன்னார்கள். எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் இல்லை. ஜர்னல் என்றால், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பில் எழுதிவைத்துவிட்டுச் செய்வது, கடையில் கணக்குப்பிள்ளை சரக்கை எடுப்பதற்கு முன்னால் சிட்டையில் எழுதுகிற மாதிரி. பாதியில் கரண்ட் போனாலும் சிட்டையைப் பார்த்து டிஸ்க் தன்னைச் சரிபண்ணிக்கொள்ளும். 1993ல் விண்டோஸ் என்.டி.யோடு வந்த என்.டி.எஃப்.எஸ்.ஸில் அது இருக்கிறது. நான் பதிவு பண்ணப்போவது ஜெனரேட்டரில் ஓடும் ஒரு திருவிழாவில். சிட்டை வேண்டும்.

ஆனால் ஒலியைச் சுத்தம் பண்ணித் தருகிற நண்பன் மதுரையில் மேக் வைத்திருக்கிறான். போன் போட்டுக் கேட்டேன். "என்.டி.எஃப்.எஸ்.னா என் மேக் படிக்கும், எழுதாது மாப்ள. நான் வேலை பாத்த ஃபைல எங்க வைக்க?" என்றான்.

அதனால் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தேன். முதல் 700 ஜி.பி. என்.டி.எஃப்.எஸ்., பதிவுக்கு மட்டும். மிச்சம் எக்ஸ்ஃபேட், கொடுக்கல் வாங்கலுக்கு. பதிவுப் பகுதியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் எழுத்து, உள்ளே சுற்றும் தட்டின் வெளி ஓரத்திலிருந்து ஆரம்பிக்கும், ஒரே சுற்றில் வெளி ஓரம் அதிக தூரம் ஓடுவதால் அங்கே வேகமும் அதிகம். ஏற்கெனவே சொன்னபடி நமக்கு அந்த வேகம் தேவையில்லை, இருந்தாலும் கிடைப்பதை ஏன் விடுவது? ஒன்று மட்டும் கவனம். பதிவு ஓடும்போது இரண்டாவது பகுதியைத் தொடக்கூடாது. இரண்டு பகுதிக்கும் படித்து எழுதும் தலை ஒன்றுதான், அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

வேலை நடந்த இடம் டிஸ்க் மேனேஜ்மெண்ட். ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் பண்ணினால் பட்டியலில் இருக்கும். இங்கேதான் நெஞ்சு ஒரு நொடி நின்றது. டிஸ்க் 0 லேப்டாப்புடையது, அதைத் தொடக்கூடாது என்று தெரியும். டிஸ்க் 1 புதுசு என்று நினைத்து ரைட் கிளிக் பண்ணி, வால்யூமை, அதாவது பகுதியை, அழிக்கும் வரியில் சுட்டியைக் கொண்டுபோன பிறகுதான் பக்கத்தில் கொள்ளளவைப் படித்தேன். 58 ஜி.பி. அது காலையிலிருந்து பின்பக்கம் செருகியே கிடந்த வேறொரு பென் டிரைவ். மச்சான் கல்யாண போட்டோ மொத்தமும் அதில்தான். எல்லாவற்றையும் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு, எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, புது டிஸ்க்கை மட்டும் செருகித் திரும்ப ஆரம்பித்தேன். டிஸ்க் எண்ணை நம்பாதீர்கள், அது செருகும் வரிசையில் மாறும். கொள்ளளவைப் பாருங்கள்.

பழைய வால்யூமை அழித்ததும் டிஸ்க் பெயரின் மேல் ரைட் கிளிக் பண்ணி ஜி.பி.டி.யாக மாற்றினேன், டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று குறித்துவைக்கும் முறை அது. வால்யூம் இருக்கும்வரை அந்த வரி மங்கலாகத்தான் இருக்கும். பழைய எம்.பி.ஆர். முறை 2 டி.பி. வரைதான் செல்லும். 1 டி.பி.க்கு எது போட்டாலும் ஓடும், நான் புதியதைப் போட்டேன். பழைய டி.வி.யில் செருகிப் படம் பார்க்கிற எண்ணம் இருந்தால் எம்.பி.ஆரே நல்லது, நிறைய டி.வி.களுக்கு ஜி.பி.டி. புரியாது.

அப்புறம் புது வால்யூம். அலொகேஷன் யூனிட் என்று ஒரு வரி வரும், வழக்கமாக அதில் 4 கே.பி. நிற்கும். நான் 64 கே.பி. தேர்ந்தெடுத்தேன். டிஸ்க் இடத்தை எவ்வளவு பெரிய துண்டாக அளந்து கொடுக்கிறது என்பதுதான் இது. சின்னச் சின்ன ஃபைல் நிறைய வைத்தால் பெரிய துண்டு வீண், ஒரு கடிதத்துக்கும் 64 கே.பி. போகும். இங்கே வரப்போவது ஜி.பி. கணக்கில் நீளும் ஒலி, பெரிய துண்டானால் டிஸ்க் குறித்துவைக்க வேண்டிய கணக்கு குறையும். உண்மையைச் சொன்னால் 4 கே.பி.யில் விட்டிருந்தாலும் என் நாடகம் பதிவாகியிருக்கும். எக்ஸ்ஃபேட் பகுதிக்கு விண்டோஸ் தானாகவே 128 கே.பி. வைத்தது, அதை மாற்றவில்லை.

குவிக் ஃபார்மட் என்ற இடத்தில் டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டேன். குவிக் என்பது பெயர்ப் பட்டியலை மட்டும் துடைக்கும், முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் சுழியை எழுதி, கெட்ட செக்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகும். புது டிஸ்க்குக்கு இதைவிட நல்ல மருத்துவப் பரிசோதனை கிடையாது. இரண்டு பகுதிக்கும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் கரண்ட் போய் வந்தது, லேப்டாப் பேட்டரி தாங்கிக்கொண்டது. களத்தில் காய்ந்த மிளகை அள்ளி மூட்டை கட்டிவிட்டு வந்தபோது நூறு சதவீதம் என்றது.

பகுதிகளுக்குப் பெயரும் வைத்தேன், "பதிவு", "கைமாற்று" என்று. டி, ஈ என்று எழுத்தை நம்பினால் அடுத்த லேப்டாப்பில் மாறிப்போகும்.

ஃபார்மட் முடிந்தது. சரி, இனிதான் வேலையே.

முதல் சோதனை அன்றைக்கு ராத்திரியே. வீட்டுத் தகர ஓட்டில் மழை பெய்துகொண்டிருந்தது, அதையே பதிவு பண்ண விட்டேன். மைக் ஒலியை லேப்டாப்புக்குத் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ், டிஸ்க் இரண்டையும் ஒரு நாலு வாய் யூ.எஸ்.பி. ஹப்பில் செருகியிருந்தேன். இருபது நிமிஷத்தில் டிஸ்க்கிலிருந்து டிக்… டிக்… என்று சத்தம். காதை வைத்துக் கேட்டால், சுற்ற ஆரம்பிக்கிறது, நிற்கிறது, திரும்ப ஆரம்பிக்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டது என்றே முடிவு பண்ணிவிட்டேன். நேரடியாக லேப்டாப்பில் செருகியதும் சத்தம் அடங்கிவிட்டது. யூ.எஸ்.பி. 2.0 வாய் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 வாய் தருவது 900. தட்டு சுற்ற ஆரம்பிக்கிற நேரத்தில் இந்தச் சின்ன டிஸ்க்குக்கே அதில் பெரும் பங்கு வேண்டும். தனி கரண்ட் இல்லாத ஹப்பில் ஒரு வாயின் பங்கை இன்டர்ஃபேஸும் டிஸ்க்கும் பங்கு போட்டுக்கொண்டால் இரண்டுக்கும் வயிறு நிறையாது. இப்போது டிஸ்க்குக்கு 3.0க்கான நீல வாய், இன்டர்ஃபேஸுக்கு எதிர்ப்பக்க வாய். ஹப் மேஜை டிராயருக்குப் போய்விட்டது.

இரண்டாவது எதிரி கேபிள். இந்த டிஸ்க்குகளின் வாய் தட்டையாக, நடுவில் ஒரு பிளவோடு, பட்டை மாதிரி இருக்கும். பிடிமானம் ரொம்பக் குறைவு. மேஜையில் டிஸ்க்கை ஒரு விரல்கடை நகர்த்தினாலே தொடர்பு விட்டுப்போய் விண்டோஸ் டுடுங் என்று சத்தம் போடுகிறது. திருவிழாவில் கால் இடறாமல் இருக்குமா? கேபிளை டிஸ்க்கின் முதுகின் மேல் ஒரு வளையமாகச் சுற்றி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் இரண்டு இடத்தில் ஒட்டிவிட்டேன். இழுத்தாலும் இழுப்பு வளையத்தில் நிற்கும், வாய்க்குப் போகாது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. இந்த மூன்று வாரத்தில் நான் செய்த வேலைகளில் அதிகம் பயன்பட்டது அந்த ரெண்டு துண்டு டேப்தான்.

மூன்றாவது, தூக்கம். விண்டோஸின் பவர் அமைப்பில் ஹார்ட் டிஸ்க்கை இத்தனை நிமிஷத்தில் அணை என்று ஒன்று உண்டு. அதைச் சுழியாக்கினேன், ஒருபோதும் வேண்டாம் என்று அர்த்தம். பக்கத்திலேயே யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட், சும்மா இருக்கும் வாயைத் தூங்கவைப்பது, அதையும் அணைத்தேன். மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று வைத்தேன். இதெல்லாம் பேட்டரியில் ஓடும்போதும் கரண்டில் ஓடும்போதும் தனித்தனி வரிசை, இரண்டிலும் மாற்ற வேண்டும். விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்தி, ஆன்டிவைரஸ் "பதிவு" பகுதியைக் கிளறாதபடி விலக்கு கொடுத்தேன்.

இவ்வளவு செய்தும் டிஸ்க் பெட்டிக்குள்ளேயே ஒரு தூக்கம் இருக்கிறது. கொஞ்ச நேரம் வேலை கொடுக்காவிட்டால் தானாகவே சுற்றுவதை நிறுத்திவிடும், விண்டோஸ் சொல்லி அது கேட்காது. பதிவு ஓடும்போது பிரச்சினை இல்லை, எழுத்து வந்துகொண்டே இருக்கும். எல்லாம் தயாராக வைத்துவிட்டு நாடகம் ஆரம்பிக்கக் காத்திருக்கிறோமே, அப்போதுதான் தூங்கும். பொத்தானை அழுத்தியதும் எழுந்து சுற்ற ஐந்தாறு விநாடி எடுக்கிறது. ஹார்மோனியக்காரர் அதுவரை காத்திருப்பாரா? மருந்து சுலபம், கால் மணி நேரம் முன்னாலேயே பதிவை ஆரம்பித்துவிடுவது. கால் மணிக்கு 260 எம்.பி., போனால் போகட்டும்.

நான்காவது விஷயத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை, படித்துத்தான் தெரிந்துகொண்டேன். டிஸ்க்கை என்.டி.எஃப்.எஸ். ஆக்கினால் மட்டும் போதாது, நான் ஒலியைப் பதிவு பண்ணும் வேவ் ஃபைலுக்கே ஒரு 4 ஜி.பி. தடை உண்டு. ஃபைலின் தலைப்பில் அதன் நீளத்தை எழுத 32 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்கு மேல் எண் கொள்ளாது. ஆக, டிஸ்க் ஒத்துக்கொண்டாலும் அதே 4 மணி 8 நிமிடத்தில் திரும்பவும் ஒரு கண்டம். இதற்காகவே ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்தது ஆர்.எஃப். 64 என்ற வடிவம், அதில் நீளத்துக்கு 64 பிட். நான் பயன்படுத்தும் ரீப்பர் என்ற பதிவு சாப்ட்வேரில், ஃபைல் பெரிதானால் தானாக ஆர்.எஃப். 64க்கு மாறிக்கொள் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டேன். உங்கள் சாப்ட்வேரில் இது இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை புது ஃபைல் தொடங்கும்படி வைத்துக்கொள்ளலாம், அதுவும் நல்ல வழிதான்.

அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். எட்டு மணி நேரம் மழை, தவளை, ஒரு தடவை பக்கத்து வீட்டு நாய், விடியற்காலை நீலக் கறுப்பாக ஒரு குருவி ஓடைப் பக்கம் வந்து மனுஷன் விசில் அடிக்கிற மாதிரி அடிக்குமே, அது. 8.29 ஜி.பி., ஒரே ஃபைல். நாலு மணி எட்டு நிமிஷம் இருக்கும் இடத்துக்குப் போய்க் கேட்டேன். மழை எந்த வெட்டும் இல்லாமல் பெய்துகொண்டிருந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் மழையைக் கேட்டதில்லை.

மறுநாள் ஒரு பாவம் செய்தேன். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே டேப்பைப் பிரித்து, கேபிளை வேண்டுமென்றே பிடுங்கினேன். புது டிஸ்க்கில் இதைச் செய்ய மனசு வரவில்லைதான். ஆனால் திருவிழாவில் எவனாவது பிடுங்கினால் என்ன மிஞ்சும் என்று இப்போதே தெரிந்தாக வேண்டும்.

முதலில் எக்ஸ்ஃபேட் பகுதியில். திரும்பச் செருகினால் ஃபைல் பெயர் இருக்கிறது, அளவு சுழி. பத்து நிமிஷ மழை காணோம். அடுத்து என்.டி.எஃப்.எஸ். பகுதியில். ஃபைல் இருக்கிறது, அளவு 160 எம்.பி. சொச்சம், ஆனால் பிளேயரில் போட்டால் நீளம் 0.00 என்கிறது, பாட மாட்டேன் என்கிறது. ஏனென்றால் வேவ் ஃபைலின் தலைப்பில் நீளத்தைப் பதிவு முடிந்த பிறகுதான் சரியாக எழுதுவார்கள். நான் முடிக்க விடாமல் பிடுங்கிவிட்டேன். உள்ளே ஒலி முழுசாக இருக்கிறது, வாசலில் விலாசம்தான் இல்லை.

இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச ஒலி சாப்ட்வேரில் வழி உண்டு. இம்போர்ட் பட்டியலில் ரா டேட்டா என்பதைத் தேர்ந்தெடுத்தால், இது எந்த மாதிரி ஒலி என்று கேட்கும். முதல் தடவை அவசரத்தில் 16 பிட் என்று விட்டுவிட்டேன், அருவி கொட்டுகிற மாதிரி ஒரே இரைச்சல், காதில் ஹெட்ஃபோன் வேறு. 24 பிட் பி.சி.எம்., லிட்டில் எண்டியன், இரண்டு சேனல், 48,000 என்று சரியாகக் கொடுத்ததும் மழை வந்தது. தொடக்கத்தில் ஒரு சின்ன டப், அது தலைப்பு பைட்டுகளை ஒலியாக நினைத்துப் படித்தது, வெட்டி எறியலாம். கடைசி சில விநாடிகள் மட்டும் போயிருந்தன. இந்த நாலு விவரத்தையும் ஒரு சீட்டில் எழுதி டிஸ்க்கின் அடியில் ஒட்டிவைத்தேன். எக்ஸ்ஃபேட் வேண்டாம் என்று நான் தயங்கியது சரிதான் என்று நண்பனுக்கும் போன் போட்டுச் சொன்னேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

இந்த மலையில் ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று, உயரத்தில் வேலை செய்யுமா என்று. அந்தக் கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. டிஸ்க்கின் தலை தட்டைத் தொடாமல், சுற்றும் தட்டோடு சேர்ந்து ஓடும் காற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. பெட்டியில் காற்று போய்வர வடிகட்டியோடு ஒரு சின்னத் துளையும் உண்டு, அதை மூடாதே என்று பக்கத்தில் எழுதியிருப்பார்கள். காற்று மெலிந்தால் தலை தாழும். அதனால்தான் பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 3,048 மீட்டர், அதாவது பத்தாயிரம் அடி என்று எல்லை வைத்திருக்கிறார்கள். கொடைக்கானலே 2,100 மீட்டர் பக்கம்தான். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637. நாம் எங்கே போனாலும் தலை தாங்கும்.

எங்களுக்கு நிஜமான பகை ஈரம். பனியில் குளிர்ந்த டிஸ்க்கை அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்து உடனே ஓட்டினால், கண்ணாடியில் படிவது மாதிரி உள்ளேயும் நீர் படியும். பையிலேயே அரை மணி வைத்திருந்து, வீட்டுச் சூட்டுக்குப் பழகவிட்டு எடுக்க வேண்டும். நான் எவர்சில்வர் டிபன் டப்பாவில், புதுச் செருப்பு அட்டைப் பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைப் போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு அந்த டப்பா போனதில் வருத்தம்.

திருவிழா ராத்திரி. மைக் செட் அண்ணன் மிக்சரிலிருந்து ஒரு லைன் கொடுத்தார், அது இடது சேனல். கூட்டத்தின் பக்கமாக ஒரு மைக் வைத்தேன், அது வலது. டிஸ்க்கை மேடைப் பலகையில் வைக்காமல், சாக்கை நாலாக மடித்துத் தரையில் வைத்து அதன் மேல் வைத்தேன். டான்ஸ் ஆடும்போது பலகை அதிர்கிற அதிர்வுக்குச் சுற்றுகிற தட்டு ஆகாது. குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் வேண்டாம். பத்து மணிக்கே பதிவை ஆரம்பித்துவிட்டேன். பத்தரைக்குத்தான் ஹார்மோனியம் எடுத்தது, மிருதங்கம் சேர்ந்தது, பலவகைத் தாளக் கருவி வாசிக்கும் ஆல்ரவுண்ட்காரர் சங்கிலியைக் குலுக்கிச் சரிபார்த்துக்கொண்டார்.

ஒரு மணி வாக்கில் ஜெனரேட்டர் இருமி நின்றது. மேடை இருட்டு. பபூன் இருட்டிலேயே ஒரு வசனம் விட, கூட்டம் சிரித்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, டிஸ்க்கின் சின்ன வெள்ளை விளக்கு சாக்குக்குப் பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. இடது சேனலில் மௌனம், வலதில் அந்தச் சிரிப்பு. அது இப்போது பதிவில் அப்படியே இருக்கிறது.

2.08, அதாவது அந்த 4 மணி 8 நிமிடம், ஆனதும் ஸ்கிரீனைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. 2.09. 2.10. ராஜபார்ட் திரைக்குப் பின்னாலிருந்தே முதல் வரியை இழுத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். மைக் செட் அண்ணன் என் தோளில் தட்டி, "ஓடுதாப்பா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். வலது சேனலில் என் குரல் விழுந்துவிடக்கூடாதே.

மொத்தம் 6 மணி 50 நிமிடம், 7.08 ஜி.பி. பதிவை நிறுத்தி, டாஸ்க்பாரில் பாதுகாப்பாக எடு என்பதை அழுத்தி, எடுக்கலாம் என்று சொன்ன பிறகுதான் கேபிளைத் தொட்டேன். பத்தாம் விண்டோஸின் 1809 பதிப்பிலிருந்து இது கட்டாயம் இல்லை, உடனே எடுக்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். எனக்கு மனசு கேட்காது. வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா மகன் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்துவைத்தேன். "கைமாற்று" பகுதியில் இன்னொன்று எடுத்தேன், நண்பனுக்கு. அதே டிஸ்க்கில் இருப்பதால் அதைப் பத்திரம் என்று கணக்கில் சேர்க்கவில்லை.

குளித்துவிட்டுக் கோயில் பக்கம் போனால் நாடகக்காரர்கள் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ராஜபார்ட் ஒப்பனையைக் கழுவிவிட்டு லுங்கியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். மைக் செட் அண்ணன் சொல்லியிருப்பார் போல, என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க பிடிச்சதுல எனக்கு ஒரு காப்பி வேணுமே. வேன்ல போறப்ப கேட்டுக்குவேன்."

வேன் பிளேயரில் என்ன படிக்கும் என்று டிரைவரைக் கேட்டேன். எம்.பி. 3 மட்டும், பென் டிரைவும் ஃபேட் 32ஆ இருக்கணும், மத்ததெல்லாம் காட்டாது என்றார். வீட்டுக்கு ஓடிவந்து, இரண்டு மணியிலிருந்து கடைசி வரை மணிக்கு ஒரு ஃபைலாக எம்.பி. 3 ஆக்கி, போன வருஷம் என் காலை வாரிய அதே 32 ஜி.பி. பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாக அவர் குரலே வெளியே கேட்டது.